குழாய் அழுத்தச் சோதனையும் மலையக வீடும்

லயன்வாசிகள் பொதுப்பீலியை நம்பி வாழ்ந்த வரலாற்றை நாம் அறிவோம். தனிவீட்டுக்குக் குழாய்நீர் வருவது அவ்வரலாற்றில் ஒரு திருப்பமே. ஆயினும் அட்டன், நுவரெலியாச் சரிவுகளில் நீர்த்தொட்டி வீட்டுக்கு 60 மீற்றர் மேலிருப்பின், அடைத்த குழாயில் வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 6 மடங்கு அழுத்தம் நிலவும். ஆதலின் சுவர் பூசுமுன், பொருத்துகள் கண்ணுக்குத் தெரிய, நீர்நிரப்பிக் காற்றை முற்றாக வெளியேற்றி, கைப்பம்பியால் படிப்படியாக வழமையான ஒன்றரை மடங்குவரை, அதாவது 9 வரை, உயர்த்திச் சோதித்தல் வேண்டும். குழாயின் தாங்குதிறனை மீறலாகாது.

காற்றை அடைத்துச் சோதிப்பது எளிதெனத் தோன்றலாம். நீர் அரிதாகவே அமுங்குவதால், பொருத்து விட்டதும் அழுத்தம் வீழ்ந்துவிடும். அமுங்கிய காற்றோ தேக்கிய சக்தியை வெடிப்பாக வெளியிட்டுத் துண்டுகளை வீசும். அருகில் நிற்பவன் கூலித் தொழிலாளி. அழுத்தம் இறங்குமுன் பொருத்தை இறுக்குவதும் ஆபத்தே.

ஒப்பந்தகாரர் சோதனையைத் தவிர்த்து மிச்சம்பிடிப்பின், ஒழுகும் சுவரின் நட்டம் கொழுந்து பறிப்பவளைச் சேரும். அளவீட்டுத் தாளின் பிரதியொன்று அவள் கையில் இருத்தல் வேண்டும் என்கிறோம்.