அணங்கும் இறையும்: தொலைவு அணுவிபத்துச் செய்திகளும் வடசென்னைக் கடற்கரையின் அச்சமும்

ஆய்வுச்சுருக்கம்

2011 மார்ச்சில் சப்பானின் புகுஷிமா அணுமின் நிலையத்தில் நேர்ந்த விபத்து பற்றிய செய்திகள் தமிழ்நாட்டில் எவ்வாறு அச்சமாக உருப்பெற்றன என்பதை இக்கட்டுரை செய்திமொழியின் வழியே விளக்குகிறது. எண்ணூரை அடுத்த நெட்டுக்குப்பம் அச்செய்தி சென்றடையும் களமாகக் கொள்ளப்படுகிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சத்திற்குக் கூறும் நிலைக்களன்களுள் அணங்கு, இறை ஆகிய இரண்டும் இவ்விளக்கத்திற்கு அடிப்படையாகின்றன. தொலைவிடத்துப் பேரிடர் பற்றிய அச்சம் அறியாமையால் மட்டும் விளைவதன்று. காணவியலாத தீங்கோடு, அதனை அறிவிக்கும் அதிகாரத்தின் சொல்மீது எழும் ஐயமும் சேரும்போதே அது வலுப்பெறுகிறது என்பது கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: அச்சம், மெய்ப்பாடு, அணங்கு, கசிவு, கதிரியக்கம், செய்திமொழி, நெட்டுக்குப்பம், புகுஷிமா.

முன்னுரை

கொசத்தலையாறு கடலொடு கலக்கும் எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய மீனவர் குடியிருப்பு நெட்டுக்குப்பம். முகத்துவாரத்தின் வடபால் காமராசர் துறைமுகமும் அனல்மின் நிலையமும் உள்ளன. தென்மேற்கே மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உர, வேதிப்பொருள் ஆலைகளும் உள்ளன. புகுஷிமா இங்கிருந்து ஆறாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பாலும், கூடங்குளம் அறுநூறு கிலோமீட்டருக்கும் அப்பாலும் அமைந்தவை. ஆயினும் கல்பாக்கம் இதே கடற்கரையில் தெற்கே ஏறத்தாழ 75 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஆகவே அணுவிபத்துச் செய்தி இத்தகைய ஊரில் வெறும் அயல்நாட்டுச் செய்தியாக வாசிக்கப்படுவதில்லை. அதிலுள்ள சொற்கள் பலவும் ஊரின் பட்டறிவில் முன்னரே பொருள் பெற்றவை. அச்சொற்கள் செய்தியில் எவ்வாறு தொழிற்படுகின்றன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அச்சத்தின் நிலைக்களன்கள்

எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக அச்சத்தைக் குறிப்பிடும் தொல்காப்பியம் அதற்கு அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்கு நிலைக்களன்களை வகுக்கிறது. விலங்கும் கள்வரும் கண்முன் தோன்றும் தீங்குகள். தப்பிச் செல்லவோ எதிர்த்து நிற்கவோ அவை இடமளிப்பவை. அணங்கோ காணப்படாமல் வருத்துவது. இறை என்பது தம்மை ஆள்வோரைக் குறிப்பது. அங்கு அச்சம் ஆற்றலால் அன்றி அதிகார உறவால் எழுகிறது.

கதிர்வீச்சுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. அளவுகருவியின்றி அதனை உணர இயலாது. ஆகவே அது பற்றிய அச்சம் அணங்கின்பாற்படும். அளவுகருவி பெரும்பாலும் அரசிடமோ நிறுவனத்திடமோ இருத்தலின், தீங்கு உண்டா இல்லையா என்பதை அவர்தம் சொல்லைக் கொண்டே மக்கள் அறிய வேண்டியுள்ளது. இவ்விடத்தில் அணங்கு பற்றிய அச்சம் இறை பற்றிய அச்சத்தோடு பிணைகிறது. அணுவிபத்து தொடர்பான பொதுமக்கள் அச்சத்தின் தனித்தன்மை இப்பிணைப்பே ஆகும்.

புகுஷிமா நிகழ்வும் மறைக்கப்பட்ட சொல்லும்

2011 மார்ச் 11 அன்று சப்பானின் வடகிழக்குக் கடலில் 9 அளவை ஒட்டிய நிலநடுக்கம் ஏற்பட்டது. உலைகள் தாமாகவே நின்றுவிட்டன. எனினும் தொடர்ந்து வந்த ஆழிப்பேரலை அவசரகால மின்னாக்கிகளைச் செயலிழக்கச் செய்தது. நின்ற உலையிலும் எஞ்சிய வெப்பம் தணிய நீர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். மின்சாரமின்மையால் நீரோட்டம் நின்று, 1, 2, 3 ஆம் உலைகளின் எரிபொருள் உருகியது. மார்ச் 12, 14, 15 ஆகிய நாள்களில் நேர்ந்த வெடிப்புகள் ஹைட்ரஜன் வளி திரண்டு உலைக் கட்டடங்களைத் தகர்த்தவை. அணுகுண்டு வெடிப்புப் போன்றவை அல்ல. ஏப்ரல் 12 அன்று விபத்து, பன்னாட்டு அளவுகோலின் உச்சமான ஏழாம் நிலையில் வைக்கப்பட்டது. 1986 செர்னோபிலுக்குப் பின் அந்நிலையை எட்டிய ஒரே விபத்து இதுவே.

உருகல் நேர்ந்ததை நிலையத்தை நடத்திய டோக்கியோ மின் நிறுவனம் அவ்வாண்டு மே மாதத்திலேயே ஒப்புக்கொண்டது. அதுவரை 'உலைக்கருச் சேதம்' என்னும் தொடரே ஆளப்பட்டது. 'உருகல்' என்னும் சொல்லைத் தவிர்க்குமாறு நிறுவனத்தின் அன்றைய தலைவர் பணித்தார் என்பது 2016இல் வெளியான விசாரணைக் குழு அறிக்கையால் தெரியவந்தது. கதிரியக்கப் பொருள்கள் பரவும் திசையைக் கணிக்கும் அரசுத் தரவுகளும் உரிய நேரத்தில் வெளியிடப்படவில்லை. அதனால் வெளியேறிய மக்களுள் சிலர் மாசு மிகுந்த வடமேற்குத் திசைக்கே சென்று தங்கினர். ஒரு சொல்லை மறைத்தது அச்சத்தைத் தணிக்கவில்லை; பின்னர் கூறப்பட்ட மெய்யான தகவல்களையும் ஐயத்திற்குரியனவாக்கியது.

செய்திமொழியின் மூன்று மயக்கங்கள்

இத்தகைய நிகழ்வைத் தமிழ்ச் செய்திமொழி கையாளும்போது மூன்று மயக்கங்கள் நேர்கின்றன.

முதலாவது, கதிர்வீச்சு, கதிரியக்கம் என்னும் இரு சொற்களையும் வேறுபாடின்றி ஆளுதல். கதிர்வீச்சு என்பது வெளிப்படும் ஆற்றல்; கதிரியக்கம் என்பது அதனை வெளியிடும் பொருளின் பண்பு. காற்றிலும் மழையிலும் கடல்நீரிலும் செல்வது கதிரியக்கப் பொருளே. 'கதிர்வீச்சு பரவுகிறது' என எழுதும்போது எந்தப் பொருள், எவ்வளவு, எத்துணைக் காலம் என்னும் வினாக்கள் மறைந்துவிடுகின்றன. அயோடின்-131இன் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 8 நாள். சீசியம்-137க்கு அது ஏறத்தாழ 30 ஆண்டு. முன்னது சில மாதங்களில் அற்றுப்போகும். பின்னது தலைமுறை கடந்தும் மண்ணில் தங்கும். இவ்வேறுபாட்டை ஒரே சொல் மூடிவிடுகிறது.

இரண்டாவது, அளவையைக் கால அலகிலிருந்து பிரித்தல். 2011 மார்ச் 15 அன்று மூன்றாம் உலையருகே மணிக்கு 400 மில்லிசீவர்ட் பதிவாயிற்று. அதே நாளில் டோக்கியோ நகரில் பதிவான உச்ச அளவு மணிக்கு ஒரு மைக்ரோசீவர்ட்டுக்கும் குறைவு. மில்லி, மைக்ரோ என்னும் முன்னொட்டுகளுக்கிடையே ஆயிரம் மடங்கு வேறுபாடு உண்டு. இயற்கைக் கதிர்வீச்சால் மாந்தர் பெறும் உலகச் சராசரி ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட். 'இயல்பைவிடப் பன்மடங்கு' எனும் தொடர், இயல்பு எவ்வளவு என்று கூறாதவிடத்து ஓர் அளவையாகாது. கேட்போர் அம்மடங்கைத் தம் அச்சத்தால் பெருக்கிக்கொள்வர்.

மூன்றாவது, 'அணு', 'வெடிப்பு' ஆகிய சொற்கள் அடுத்தடுத்து வரும்போது ஹிரோஷிமா, நாகசாகி நினைவுகள் கிளர்தல். நிகழ்ந்த நாடும் சப்பானாக இருந்தமையால் இம்மயக்கம் எளிதாயிற்று. வெடித்தது ஹைட்ரஜன் வளி என விளக்கியபோதும் 'ஹைட்ரஜன் குண்டு' என்னும் தொடர் முன்னரே வழக்கிலிருந்தமை தெளிவைத் தரவில்லை.

இம்மயக்கங்கள் நிரப்பாத இடத்தை வதந்தி நிரப்பியது. 2011 மார்ச் நடுவில் பிபிசியின் பெயரால் ஒரு போலிக் குறுஞ்செய்தி ஆசிய நாடுகளில் உலவியது. மழையில் நனையாதிருக்கவும், கழுத்தில் அயோடின் மருந்தைத் தடவிக்கொள்ளவும் அது அறிவுறுத்தியது. பிலிப்பைன்சில் அதனால் பெரும் பதற்றம் எழுந்தது; பிபிசி அதனை மறுத்தது. சீனத்தில் மக்கள் அயோடின் கலந்த உப்பை வாங்கிக் குவித்தனர். கதிரியக்க அயோடின் தைராய்டுச் சுரப்பியில் தங்கும் என்பது மெய். ஆயின் உப்பிலுள்ள அயோடின் அதனைத் தடுக்கப் போதாது. தோலில் தடவுவதும் மாத்திரைக்கு ஈடாகாது. வதந்தி முற்றும் பொய்யாக இருப்பதில்லை. அளவை இழந்த மெய்யாக இருப்பதே அதன் வலிமை.

சுனாமி: முன்னரே பொருள் பெற்ற சொல்

கடல்கோள் பற்றிய நினைவு இறையனார் களவியல் உரை கூறும் சங்க வரலாற்றிலேயே இடம்பெற்றது. எனினும் 'சுனாமி' என்னும் சப்பானியச் சொல் தமிழ் மக்களின் அன்றாட வழக்கிற்கு வந்தது 2004 டிசம்பர் 26க்குப் பின்னரே. அன்று கல்பாக்கத்தில் கடல்நீர், குளிர்நீர் இறைக்கும் அறையுள் புகுந்தது. இயங்கிக்கொண்டிருந்த உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. ஊழியர் குடியிருப்பில் உயிரிழப்புகள் நேர்ந்தன. ஆகவே 2011இல் தொலைக்காட்சியில் மீண்டும் மீண்டும் காட்டப்பட்ட அலை, தமிழகக் கடலோர மக்களுக்கு அயலார் காட்சி அன்று. சொல்லும் காட்சியும் அவர்தம் இழப்பைக் குறித்தன.

அதே 2011இல், கூடங்குளம் முதல் உலையின் வெப்பச் சோதனை ஓட்டம் சூலை, ஆகஸ்ட் மாதங்களில் நடைபெற்றபோது எழுந்த பேரொலி அண்டை ஊர்களைக் கலங்கச் செய்தது. செப்டம்பரில் இடிந்தகரையில் உண்ணாநோன்பு தொடங்கியது. 24 மணிநேரத் தமிழ்ச் செய்தித் தொலைக்காட்சிகள் பெருகிய காலமும் அதுவே. அரசுத் தரப்பும் வல்லுநர் குழுக்களும் உலையின் பாதுகாப்பை வலியுறுத்தின. மக்களின் அச்சம் அறியாமை எனக் கூறப்பட்டது. பெங்களூரு தேசிய மனநல, நரம்பியல் நிறுவன வல்லுநர்களைக் கொண்டு ஆலோசனை வழங்க நடுவணரசு முனைவதாக 2012இல் செய்திகள் வெளிவந்தன. அச்சம் நோயாகக் கருதப்பட்டபோது, அம்மக்கள் எழுப்பிய வினாக்கள் விடை பெறாமல் நின்றன. 2013 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் நிலையம் இயங்க இசைவளித்ததோடு, பாதுகாப்பு தொடர்பாக 15 நெறிமுறைகளையும் விதித்தது. வினாக்கள் பொருளற்றவை அல்ல என்பதை இது காட்டுகிறது.

கசிவு: எண்ணூரின் பட்டறிவு

நெட்டுக்குப்பம் சார்ந்த கடற்கரையில் 'கசிவு' என்பது செய்தித்தாளில் மட்டும் காணும் சொல்லன்று. 2017 சனவரி 28 அன்று காமராசர் துறைமுகத்திற்கு அப்பால் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தது. சூழலுக்குப் பாதிப்பில்லை என்பதே துறைமுகத் தரப்பின் முதற் கூற்று. அடுத்த நாள்களில் கரையெங்கும் ஒதுங்கிய எண்ணெயைத் தன்னார்வலரும் ஊழியரும் வாளிகளால் அள்ளினர். 2023 டிசம்பரில் மிக்சாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவி, நெட்டுக்குப்பம், காட்டுக்குப்பம் உள்ளிட்ட ஊர்களின் படகுகளிலும் வலைகளிலும் படிந்தது.

அதே மாதம் 26ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி, எண்ணூர்ப் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மக்கள் இருளில் வீடுகளைவிட்டு வெளியேறினர். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அம்மோனியாவுக்கு நெடியுண்டு; அதனால் மக்கள் அறிவிப்புக்குக் காத்திராமல் வெளியேற முடிந்தது. கதிரியக்கக் கசிவில் அவ்வாய்ப்பு இல்லை. எனவே 'கசிவு இருந்தது, ஆபத்து இல்லை' என்னும் தொடரை இவ்வூரார் எண்ணெயிலும் வளியிலும் தாம் கண்டதைக் கொண்டே மதிப்பிடுவர். தொலைவுச் செய்தி பற்றிய அச்சத்தில் அண்மையின் நினைவு கலந்துள்ளது.

மணலி: வினாவாக மாறிய அச்சம்

அயல்நாட்டுப் பேரிடர்ச் செய்தி நன்மையும் விளைவிக்கும் என்பதற்கு இப்பகுதியிலேயே சான்றுண்டு. 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்தது. சென்னையில் சுங்கத்துறை 2015இல் கைப்பற்றிய அதே வேதிப்பொருள் மணலியில் ஒரு சரக்குப் பெட்டக நிலையத்தில் இருப்பது இரு நாள்களில் செய்தியாயிற்று. அதன் அளவு முதலில் 740 டன் என்றும், 2015 வெள்ளத்தில் ஒரு பகுதி வீணானதால் ஏறத்தாழ 700 டன் என்றும் கூறப்பட்டது. 37 பெட்டகங்கள், மின்னணு ஏலம் முடிந்தது, ஐதராபாத்துக்கு அனுப்பப்படும் எனத் தெரிவிக்கப்பட்டது. ஆகஸ்ட் 9 அன்று முதல் 10 பெட்டகங்கள் புறப்பட்டன. எஞ்சியவை அடுத்தடுத்துச் சென்றன.

இங்கும் அச்சம் எழுந்தது. ஆனால் அது எவ்வளவு, எங்கே, யார் பொறுப்பு, எப்போது அகற்றப்படும் என்னும் நான்கு வினாக்களாக வடிவுற்றது. நான்குக்கும் விடை வெளிவந்தது. ஐந்தாண்டு கிடந்த சரக்கு சில நாள்களில் நகரத் தொடங்கியது. பெய்ரூட்டின் காட்சிகள் புகுஷிமாவின் காட்சிகளைவிடக் கொடுமை குறைந்தவை அல்ல. காட்சியைத் தொடர்ந்து, சரிபார்க்கத்தக்க தகவல் கிடைத்ததே வேறுபாடு. 2023 அம்மோனியாக் கசிவின்போது ஆலை வாயிலருகே கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் பதிவானதையும், வரம்பு 400 மைக்ரோகிராம் என்பதையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒருங்கே வெளியிட்டமையும் இவ்வகையினது. அத்தகவல் மக்களை அமைதிப்படுத்தவில்லை. அமைதிப்படுத்துவது அதன் பணியும் அன்று. அச்சத்திற்கு அளவு தந்தது.

முடிவுரை

புகுஷிமாவில் கதிர்வீச்சால் பொதுமக்களிடையே கண்டறியத்தக்க அளவில் நோய்ப்பெருக்கம் எதிர்பார்க்கப்படவில்லை என ஐக்கிய நாடுகள் அவையின் கதிர்வீச்சு ஆய்வுக்குழு மதிப்பிட்டது. அதே மாவட்டத்தில் வெளியேற்றமும் அதைத் தொடர்ந்த இடர்களும் காரணமாக நேர்ந்தனவாகப் பதிவான இறப்புகள் இரண்டாயிரத்தைக் கடந்தன. ஆகவே அச்சத்தைத் தூண்டுவதும் அதனை இகழ்வதும் ஒருங்கே தீங்கு பயப்பன.

அணங்கு பற்றிய அச்சத்தைப் போக்க அறிவியல் விளக்கம் உதவும். தமிழில் அதற்குக் கதிர்வீச்சு, கதிரியக்கம் என்னும் சொல்வேறுபாடும், அலகோடு கூடிய அளவையும் பேணப்படுதல் வேண்டும். இறை பற்றிய ஐயத்தை அவ்விளக்கம் போக்காது. உருகியதை உருகியது என்றும், கசிந்ததைக் கசிந்தது என்றும் உரிய பொழுதில் கூறுவதே அதற்கு வழி. நெட்டுக்குப்பத்தில் 'பாதிப்பில்லை' என்னும் சொல் நம்பப்படுமா என்பது, முன்னர் அச்சொல் கூறப்பட்டபோது கரையில் என்ன ஒதுங்கியது என்பதைப் பொறுத்தது.