மனிதரால் மனிதர்

தென்னாப்பிரிக்காவின் சூலு மொழியில் ‘உமுண்டு ங்குமுண்டு ங்கபாண்டு’ என்றொரு முதுமொழி வழங்குகின்றது. ‘மனிதர், மனிதரால் மனிதர்’ என்பது அதன் நேர்ப்பொருள். சோத்தோ மொழியிலும் இக்கருத்தினையே ‘மோதோ கே மோதோ கா பாதோ’ என்பர்.

இத்தொடரின் இலக்கண அமைதி தமிழ் பயில்வோராகிய நமக்குச் சுவை பயப்பது. நம் மொழியில் ‘கள்’ விகுதி சொல்லின் பின்னே ஒட்டும். சூலுவில் எண்காட்டும் உறுப்பு முன்னே ஒட்டும். ‘உமுண்டு’ ஒருவர், ‘அபாண்டு’ பலர், ‘உபுண்டு’ மனிதத்தன்மை. (இறுதிச் சொல்லைக் கணினி இயங்குதளம் ஒன்றின் பெயராக மட்டுமே மாணவர் பலர் அறிந்திருப்பர்.) ‘ங்க’ என்பதோ நம் மூன்றாம் வேற்றுமையின் கருவிப்பொருள் போன்றது. மேடைகளில் இம்முதுமொழியை எடுத்தாள்வோர், ‘பிறரோடு கூடி வாழ்க’ என்னும் அறிவுரையாக அதனைச் சுருக்கிவிடுகின்றனர். அங்கே நிற்பது ‘ஓடு’ அன்று; ‘ஆல்’ ஆகும். முழு மனிதராய் முன்னரே அமைந்த ஒருவர் பின்னர்ப் பிறரோடு சேர்கின்றார் என அது கூறவில்லை. பிறர் இல்லையேல் அவர் மனிதராதலே இல்லை என்கின்றது. அவ்வாறாயின், பிறரை இழிவு செய்பவர் தம் மனிதத்தன்மையையே இழக்கின்றார் என்பதும் பெறப்படும்.

‘மக்கள்’ எனப் பொருள்படும் அச்சொல்லையே நிறவெறி அரசு கருப்பின மக்களைப் பிரித்துவைக்கும் முத்திரையாக்கிற்று. 1953இல் அவர்தம் பிள்ளைகளுக்குத் தாழ்ந்த கல்வியை வகுத்த சட்டத்தின் பெயர் ‘பாண்டு கல்விச் சட்டம்’!

1993ஆம் ஆண்டின் இடைக்கால அரசியலமைப்பு, பழிவாங்கல் வேண்டா, உபுண்டு வேண்டும் என்னும் கருத்தைத் தன் இறுதிப் பகுதியில் பொறித்தது. 1995இல் மரணதண்டனையை நீக்கிய அரசியலமைப்பு நீதிமன்றத்தின் நீதிபதிகள் சிலர் தம் தீர்ப்புரைகளில் இச்சொல்லை எடுத்தாண்டனர். பேராயர் டெஸ்மண்ட் டுட்டு தலைமையில் அமைந்த உண்மை, நல்லிணக்க ஆணையத்தின் உயிர்க்கருத்தும் இதுவே. குற்றத்தை முழுமையாக ஒப்புக்கொள்வோர் பொதுமன்னிப்புப் பெறலாம் என்பது அதன் விதி.

எனினும், 1977இல் காவலில் தாக்கப்பட்டு உயிர்நீத்த ஸ்டீவ் பைக்கோவின் குடும்பத்தார் இவ்விதியை எதிர்த்து வழக்காடினர். நீதிமன்றத்தின் வழியே நீதி பெறும் தங்கள் உரிமையை அது பறிப்பதாக வாதிட்டனர். உபுண்டுவை அவர்கள் மறுத்தனர் எனக் கொள்ளுதல் தவறென்றே நாம் கருதுகின்றோம். மனிதராக்கும் பொறுப்பு இருபாலார்க்கும் உரியதாயிருக்க, இழந்தவர் தோளில் மட்டும் அதனை ஏற்றலாமோ? 1996இல் அவ்வழக்குத் தள்ளுபடியாயிற்று. ஆயினும், மன்னிப்பு வேண்டி விண்ணப்பித்த அக்காவலர்கள் உண்மையை முழுதும் உரைத்திலர் என, 1999இல் ஆணையம் அவர்தம் வேண்டுகோளை மறுத்தது.