நியூட்ரினோவின் நிறையைத் தேடும் காந்தங்கள்

நியூட்ரினோ என்ற நுண்துகளுக்கு நிறை உண்டு. அதை நிறுவியதற்காக ஜப்பானின் தக்காகி கஜிட்டாவும் கனடாவின் ஆர்தர் மெக்டொனால்டும் 2015இல் நோபல் பரிசு பெற்றார்கள். ஆனால், அந்த நிறை எவ்வளவு? ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே தொழில்நுட்ப நிறுவனத்தில் 70 மீட்டர் நீளத்துக்கு அமைந்திருக்கும் ‘காட்ரின்’ என்ற ஆய்வுக் கருவி இந்தக் கேள்விக்குத்தான் விடை தேடுகிறது. அதன் உயிர்நாடி, மின்தடையற்ற மீக்கடத்திக் காந்தங்கள்.

பிடிபடாத துகளை அளப்பது எப்படி?

டிரிட்டியம் என்பது கதிரியக்கம் கொண்ட ஹைட்ரஜன். அதன் அணுக்கரு சிதையும்போது ஓர் எலக்ட்ரானும் ஓர் எதிர்நியூட்ரினோவும் வெளிப்பட்டு, சுமார் 18,600 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலைப் பங்கிட்டுக்கொள்கின்றன. நியூட்ரினோவுக்கும் எதிர்நியூட்ரினோவுக்கும் நிறை ஒன்றே; அந்த நிறைக்கு ஈடான ஆற்றல் ஒருபோதும் எலக்ட்ரானுக்குக் கிடைக்காது. ஆகவே, உச்ச ஆற்றல் கொண்ட எலக்ட்ரான்களை அளந்தால் நியூட்ரினோவின் நிறை தெரியவரும்.

சிக்கல் என்னவென்றால், உச்சத்தின் கடைசி 1 எலக்ட்ரான் வோல்ட்டுக்குள் வருபவை சுமார் 5 லட்சம் கோடியில் ஒன்றுதான். அதனால் நொடிக்கு 10,000 கோடி சிதைவுகள் நிகழும் அளவுக்கு டிரிட்டியம் வாயு செலுத்தப்படுகிறது.

வழிநடத்தும் காந்தம்

எலக்ட்ரான்கள் எல்லாத் திசைகளிலும் சிதறக்கூடியவை. வலுவான காந்தப்புலத்தில் அவை புலக்கோடுகளைச் சுற்றிச் சுருளாக முன்னேறும். அவை செல்லும் குழாய் வளைந்தால் அவையும் வளைந்து செல்லும். டிரிட்டியம் மூலக்கூறுகளுக்கு மின்னூட்டம் இல்லை. அவை வளைவில் சுவரில் மோதி, பம்புகளால் உறிஞ்சப்படுகின்றன. வாயுவை வடிகட்டி எலக்ட்ரானை மட்டும் அனுப்பும் உத்தி இது.

நேராக்கும் காந்தம்

எலக்ட்ரானின் ஆற்றலை அளப்பது, அளவீட்டுத் தொட்டிக்குள் இருக்கும் மின்புலம். போதிய ஆற்றல் இல்லாதவற்றை அது திருப்பி அனுப்பிவிடும். ஆனால், அது முன்னோக்கிய இயக்கத்தை மட்டுமே சோதிக்கும். சுழற்சியில் இருக்கும் ஆற்றல் கணக்கில் வராது. காந்தப்புலம் படிப்படியாக வலுவிழந்தால் சுழற்சி ஆற்றல் முன்னோக்கிய ஆற்றலாக மாறும். வடிவமைப்பின்படி, உச்சப் புலம் 6 டெஸ்லா. அளவீட்டுத் தொட்டியின் நடுவில் 0.0003 டெஸ்லா. அதாவது, 20,000 மடங்கு வேறுபாடு. 18,600ஐ 20,000ஆல் வகுத்தால் 0.93. கருவியால் பிரித்தறிய முடிகிற எலக்ட்ரான் வோல்ட் அளவு அதுதான்.

புலம் வலுவிழக்கும்போது கற்றை விரியும். 6 டெஸ்லாவில் 6.4 சென்டிமீட்டராக இருக்கும் கற்றையின் விட்டம் தொட்டியின் நடுவில் 9 மீட்டராகிவிடும். இதனால்தான் 10 மீட்டர் விட்டமும் 23 மீட்டர் நீளமும் கொண்ட தொட்டி தேவைப்பட்டது. அது செய்யப்பட்ட டெக்கன்டார்ஃப் நகரம் கார்ல்ஸ்ரூஹேயிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. ஆனால், இவ்வளவு பெரிய தொட்டியைச் சாலை வழியே கொண்டுவர முடியாததால், டான்யூப் நதி, கருங்கடல், மத்தியதரைக் கடல், அட்லாண்டிக், ரைன் நதி எனச் சுமார் 9,000 கிலோமீட்டர் சுற்றி 2006 நவம்பரில் அது வந்து சேர்ந்தது.

ஏன் மீக்கடத்தி?

இவ்வளவு வலுவான காந்தப்புலத்தைச் சாதாரணச் செம்புச் சுருள்களால் மாதக்கணக்கில் நிலைநிறுத்த முயன்றால் மின்செலவும் வெப்பமும் கட்டுக்கடங்காது. நயோபியம்-டைட்டானியம் கம்பியைத் திரவ ஹீலியத்தால் மைனஸ் 269 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிர்வித்தால் மின்தடையே இருக்காது. வடிவமைப்புப் புலத்தின் 70 விழுக்காட்டில் இயக்கிப் பார்த்தபோது, டிரிட்டியம் வாயு இருக்கும் பகுதியின் காந்தங்களின் புலம் மாதத்துக்கு 0.01 விழுக்காட்டுக்கும் குறைவாகவே மாறியது.

ஆபத்தும் உண்டு. சுருளின் ஒரு புள்ளி சற்றே சூடானாலும் அங்கே மின்தடை திரும்பிவிடும். தேங்கியிருக்கும் காந்த ஆற்றல் வெப்பமாகி ஹீலியம் கொதிக்கும். அத்தகைய நேரங்களில் சுருள்களைக் காக்கத் தனிப் பாதுகாப்பு அமைப்புகள் உள்ளன.

இதுவரை கிடைத்த விடை

நியூட்ரினோ நிறையின் உச்ச வரம்பு 2019இல் 1.1 எலக்ட்ரான் வோல்ட்டாகவும், 2022இல் 0.8 ஆகவும், 2025 ஏப்ரலில் 0.45 ஆகவும் குறைந்தது. எலக்ட்ரான் நிறையில் இது பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கடைசி முடிவுக்கு 259 நாள் தரவுகள் பயன்பட்டன; 1,000 நாள் தரவுகளைக் கொண்டு 0.3க்குக் கீழே இறங்குவது இலக்கு. இவையெல்லாம் வரம்புகள்தான், நியூட்ரினோவின் உண்மையான நிறை இன்னும் அளக்கப்படவில்லை.