2 கிராம் ஃபோமும் ஒரு மூடியும்: ட்ரெக்கிங் கப்பை டெஸ்ட் பண்ணலாம் வாங்க!

செமஸ்டர் லீவுக்கு மலையேறக் கிளம்பும் எந்த கேங்கிலும் பேக்பேக் எடை பற்றி ஒரு பஞ்சாயத்து நடக்கும். அதில் டீ கப்பும் ஒரு கேஸ். இரட்டைச் சுவர் வேக்குவம் ஸ்டீல் கப்பில் டீ நல்லா சூடா இருக்கும். ஆனா 350 மில்லி கப்பே 200 கிராமைத் தாண்டிவிடும். ஒற்றைச் சுவர் டைட்டானியம் கப் 70 கிராம்தான், ஆனா விலை கையைக் கடிக்கும், டீயும் சீக்கிரம் ஆறும். தெர்மாகோல் கப் சில கிராம்தான். ஆனா பையில் நொறுங்கிடும், மேலும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் அதற்குத் தடை.

எடையும் குறையணும், சூடும் நிக்கணும். இது நடக்குமா? காசு கொடுப்பதற்கு முன்னாடி, ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பரில் படிச்சதை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

சூடு எந்த வழியா போகுது?

மொத்தம் நாலு வழி. சுவர் வழியாகக் கடத்தல், வெளிச்சுவரிலிருந்து காற்றுக்கு வெப்பச்சலனம், கதிர்வீச்சு, மேல்பரப்பிலிருந்து ஆவியாதல். "ஸ்டீலைவிட அலுமினியம் வேகமா சூட்டைக் கடத்தும், அதனால டீ சீக்கிரம் ஆறும்" என்று பலர் சொல்வார்கள். கடத்துதிறன் ஸ்டீலுக்குச் சுமார் 16, அலுமினியத்துக்குச் சுமார் 237 என்பது உண்மைதான். ஆனா கப் விஷயத்தில் இந்த வித்தியாசம் கணக்கிலேயே வராது. ஏன்?

ஒரு சதுர மீட்டருக்கான வெப்பத்தடை என்பது தடிமன் ÷ கடத்துதிறன். அரை மில்லிமீட்டர் ஸ்டீல் சுவருக்கு 0.0005 ÷ 16, அதாவது சுமார் 0.00003. வெளியே கப்பைச் சுற்றியிருக்கும் அசையாத காற்றுப் படலத்தின் தடை சுமார் 0.1. மூவாயிரம் மடங்கு அதிகம்! சூட்டைப் பிடித்து நிறுத்துவது உலோகம் இல்லை, அந்தக் காற்றுப் படலம்தான். மலை உச்சியில் காற்று அடிச்சா முதலில் காலியாவதும் அதுதான்.

இப்போ டிவி, ஃபிரிட்ஜ் பெட்டிக்குள் வருமே, அந்த பேக்கிங் ஃபோம், 3 மில்லிமீட்டர் தடிமனில் கப்பைச் சுற்றி ஒட்டுங்க. ஃபோமின் கடத்துதிறன் சுமார் 0.035. தடை 0.003 ÷ 0.035 = 0.086. மொத்தத் தடை 0.1-லிருந்து 0.186 ஆகிறது. சுவர் வழியாகப் போகும் சூடு கிட்டத்தட்டப் பாதியாகக் குறையும். காற்று அடித்து வெளித்தடை 0.04-க்கு இறங்கினால், ஃபோம் போட்ட கப் இழப்பது வெறும் கப் இழப்பதில் மூன்றில் ஒரு பங்குதான்.

எடை? 8 செ.மீ. விட்டம், 9 செ.மீ. உயரம் என்றால் சுவர்ப் பரப்பு சுமார் 226 சதுர செ.மீ. ஃபோமின் அடர்த்தி கன செ.மீ.க்கு 0.03 கிராம் என்று வைத்தால் மொத்தமே 2 கிராம்!

ஒரு எச்சரிக்கை: பளபளப்பான உலோகம் கதிர்வீச்சைக் குறைவாகவே வெளிவிடும். அதனால் பாலிஷ் போட்ட டம்ளரில் ஃபோமின் லாபம் இந்தக் கணக்கைவிடக் கொஞ்சம் குறையும். ஃபோமுக்கு மேல் அலுமினியம் ஃபாயில் சுற்றினால் அதையும் சரிக்கட்டலாம்.

மூடிதான் உண்மையான ஹீரோ

250 மில்லி தண்ணீர் ஒரு டிகிரி குறைய 1045 ஜூல் வெளியேறணும். ஒரு கிராம் தண்ணீர் ஆவியானால் சுமார் 2300 ஜூல் கூடவே போய்விடும். அதாவது ஒரு கிராம் ஆவி = 2.2 டிகிரி. 5 கிராம் ஆவியானால் 11 டிகிரி காலி. சுவரை எவ்வளவு போர்த்தினாலும் வாயைத் திறந்து வைத்தால் இந்த இழப்பு நிற்காது. பழைய பிளாஸ்டிக் டப்பா மூடியை வெட்டிப் போட்டாலே போதும்.

டெஸ்ட் பண்ணுவது எப்படி?

தேவை: சமையல் தெர்மாமீட்டர், கிராம் காட்டும் தராசு, போன் டைமர்.

1. ஒரே கப், ஒரே 250 மில்லி தண்ணீர், ஒரே இடம். ஃபேனை அணைச்சிடுங்க. அறை வெப்பநிலையைக் குறிச்சுக்கோங்க.
2. கொதிநீரை ஊற்றி, 80 டிகிரிக்கு இறங்கியதும் டைமரை ஆரம்பிங்க. கப் உறிஞ்சும் சூட்டின் குழப்பம் அதற்குள் அடங்கிவிடும்.
3. 5 நிமிடத்துக்கு ஒருமுறை லேசாகக் கலக்கி அளவெடுங்க. மொத்தம் 40 நிமிடம்.
4. நாலு தடவை செய்யுங்க: வெறும் கப், மூடி மட்டும், ஃபோம் மட்டும், ஃபோம் + மூடி. கப்புக்கு அடியிலும் ஒரு ஃபோம் வட்டம் இருக்கட்டும்.
5. ஆரம்பத்திலும் முடிவிலும் எடை போடுங்க. குறைந்த கிராமை 2.2-ஆல் பெருக்கினால் ஆவியால் போன டிகிரி கிடைக்கும்.

நீர் வெப்பநிலையிலிருந்து அறை வெப்பநிலையைக் கழித்து, அதன் மடக்கையை நேரத்துக்கு எதிராக வரையுங்க. மூடிய கப்புக்கு ஏறக்குறைய நேர்கோடு வரும். நியூட்டனின் குளிர்தல் விதி. திறந்த கப்பில் கோடு ஆரம்பத்தில் செங்குத்தாக விழுந்து பிறகு சாயும். சூடு அதிகமாக இருக்கும்போது ஆவியாதல் மிக வேகம் என்பதற்கு அதுதான் சாட்சி.

எவ்வளவு சூடு போதும்?

65 டிகிரிக்கு மேலான பானங்களை, புற்றுநோய் வரக் காரணமாக இருக்கக்கூடியவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-ல் வகைப்படுத்தியது. வாய்க்கு இதமான சூடும் 60-ஐ ஒட்டித்தான். ஆகவே நமக்குத் தேவை 60-லிருந்து 50-க்கு மெதுவாக இறங்கும் கப். ரொம்ப நல்ல வேக்குவம் கப்பில் டீ ஆறும்வரை காத்துக்கிடக்கணும்! உயரத்தையும் மறக்காதீங்க. 2637 மீட்டர் தொட்டபெட்டாவில் தண்ணீர் சுமார் 91 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

பாதுகாப்புக்கு இரண்டு வார்த்தை. சீல் செய்த இரட்டைச் சுவர் கப்பை அடுப்பில் வைக்கவே கூடாது. உள்ளே அடைபட்ட காற்று விரிந்து சுவர் பிளக்கலாம். ஒற்றைச் சுவர் கப்பை வைக்கலாம், ஆனா ஃபோமைக் கழற்றிவிட்டு. அதனால ஃபோமை கப்பில் நேரடியாக ஒட்டாம, உறை மாதிரி கழற்றி மாட்டும்படி செய்யுங்க. உதடு படும் விளிம்பில் ஒரு செ.மீ. இடம் விடுங்க.

இரவு முழுக்க சூடு வேணும்னா வேக்குவம் ஃப்ளாஸ்க்தான் வழி. ஒரு டீயை அரைமணி நேரம் ரசிச்சுக் குடிக்க மெஸ் டம்ளர், 2 கிராம் ஃபோம், ஒரு மூடி போதும். டெஸ்ட் செய்து கிராஃபை நமக்கு அனுப்புங்க. எந்த டிபார்ட்மென்ட் கப் ஜெயிக்குதுன்னு பார்ப்போம்!