சும்மா உட்கார ஓர் இடம்!

புதுச்சேரிக்கு வருகிற வெளியூர் இளைஞர்கள் என்ன செய்கிறார்கள்? கடற்கரைப் பக்கம் ஏதாவது ஒரு மஞ்சள் சுவரில் சாய்ந்து போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். பஸ் ஏறிவிடுகிறார்கள். பெரிய வாய்க்காலைத் தாண்டி மேற்கே வருவதே இல்லை. இத்தனைக்கும் அந்தப் பிரெஞ்சு வீடுகள் உயரமாக மதில் எழுப்பி, 'யாரப்பா நீ?' என்று கேட்கிற ரகம். மேற்கே இருக்கிற தமிழ் வீடுகளோ, 'வாப்பா, உட்காரு' என்கிற ரகம்!

நான் சாரத்துக்காரன். லீவு நாளில் ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டு வைசியாள் வீதிக்குப் போய்விடுவேன். அங்கே வீடு கதவில் ஆரம்பிப்பதில்லை, தாழ்வாரத்தில் ஆரம்பிக்கிறது. மரத்தூண்கள் மேல் சரிவான ஓட்டுக்கூரை, கீழே மேடை. வெயிலுக்கு ஒதுங்குகிற யாரும் உட்காரலாம். அடுத்து திண்ணை. அதற்கப்புறம்தான் கதவு. உள்ளே வானம் தெரிகிற முற்றம், சுற்றிலும் தூண்கள். சூடான காற்று மேலே போய்விடும். கரண்ட் பில் வராத ஏ.சி.!

யாரை எதுவரை விடுவது என்பதற்கும் இதில் கணக்கு உண்டு. வழிப்போக்கருக்குத் தாழ்வாரம். வட்டி கேட்டு வருகிறவருக்குத் திண்ணை. சம்பந்திக்கு முற்றம். நம்ம ஃபிளாட்டில்? கதவில் ஓர் ஓட்டை, அதில் ஒரு கண்!

மாடி கட்டிய வீடுகளில் இன்னொரு வேடிக்கை. மேலே வளைவு ஜன்னல், சுவரோடு ஒட்டிய தூண், சுதை வேலை... எல்லாம் பிரெஞ்சு பாணி. கீழே வேட்டி, மேலே கோட்டு! துய்ப்ளேக்சின் துபாஷாக இருந்து, 1736 முதல் டைரி எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகையே இப்படித்தான்.

சரி, இந்த வீடுகளுக்கு எமன் யார்? மழையைவிட பாகப்பிரிவினைதான். என் ஆபீஸ் நண்பர் ஒருவர் புலம்பினார்: "அண்ணன் தம்பி நாலு பேர் ஸார். முற்றத்தை எப்படி நாலா வெட்டுறது? பில்டர்கிட்ட கொடுத்தா ஆளுக்கொரு ஃபிளாட்!" அவர் சொல்வதும் நியாயம்தான். மர உத்தரமும் சுண்ணாம்புப் பூச்சும் ரிப்பேர் செய்ய மாதச் சம்பளம் காணுமா?

ஆனாலும் வழி இருக்கிறது. வைசியாள் வீதியில் ஐரோப்பிய யூனியன் உதவியோடு, இன்டாக் அமைப்பு முன்னின்று, வீட்டுக்காரர்களும் ஒரு பங்கு போட்டு, தெரு முகப்புகளைப் பழைய அழகுக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கு 2008ல் யுனெஸ்கோ விருதும் கிடைத்தது. கடற்கரைச் சாலை மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. அதையும் பழைய தோற்றத்திலேயே கட்டி 2021ல் திறந்தார்கள். அது அரசாங்கக் கட்டடம். தனியார் வீட்டுத் தாழ்வாரம் விழுந்தால் யார் எழுப்புவது?

நண்பரிடம் ஒன்றுதான் சொன்னேன். "பின்னாடி எத்தனை மாடி வேணும்னாலும் யோசிங்க ஸார். முன்னாடி தாழ்வாரத்தை மட்டும் விட்டு வைக்க முடியுமான்னு பாருங்க."

நீங்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாய்க்காலைத் தாண்டி வாருங்கள். ஒரு தாழ்வாரத்தில் அஞ்சு நிமிஷம் உட்காருங்கள். யாரும் காசு கேட்க மாட்டார்கள். ஊரில் அப்படி இன்னும் எத்தனை இடம் மிச்சமிருக்கிறது, சொல்லுங்கள்?