வீட்டுப் பிரசவம் கற்கும் மாணவிகள்!

இங்கிலாந்தில் மிட்வைஃப் படிப்பவர்கள், பயிற்சிக் காலத்தில் சுமார் 40 பிரசவங்கள் பார்க்க வேண்டும். ஆனால், அங்கே வீட்டில் நடப்பது நூற்றுக்கு இரண்டு பிரசவம்தான். ஒன்றைக்கூடப் பார்க்காமலே படிப்பு முடிந்துவிடலாம். வேலைக்குச் சேர்ந்ததும் வீட்டுப் பிரசவத்துக்கு அனுப்பினால்?

வாய்ப்பு கிடைத்த மாணவிக்கு அது வேறு பள்ளிக்கூடம். ஓயாமல் ஓடும் மானிட்டர் கிடையாது. சின்னக் கருவியை வயிற்றில் வைத்து, குழந்தையின் இதயத்துடிப்பை விட்டுவிட்டுக் கேட்க வேண்டும். தாயின் மூச்சு, முனகல், நடை... இவற்றைப் பார்த்தே வலி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கணிக்கப் பழகுகிறாள். சும்மா உட்கார்ந்திருப்பதும் அங்கே வேலைதான்!

எப்போது ஆம்புலன்ஸை அழைப்பது என்பதுதான் கஷ்டமான பாடம். சிக்கல் அதிகம் இல்லாத கர்ப்பிணிகளை வைத்து, 2011-ல் வெளியான இங்கிலாந்து ஆய்வில், வீட்டிலேயே பெற்றுக்கொள்ளத் திட்டமிட்ட தலைப்பிரசவப் பெண்களில் 45 சதவிகிதம் பேரை ஆஸ்பத்திரிக்கு மாற்ற வேண்டியிருந்தது. ஏற்கெனவே குழந்தை பெற்றவர்களில் 12 சதவிகிதம்.