ஆற்று மீனும் பயிர் மருந்தும்

வயலுக்கு மருந்தடித்து முடித்ததும் தெளிப்பானை வாய்க்காலில் அலசுவது நம்மில் பலருக்கு வழக்கமாயிருக்கிறது. ஓடுகிற நீரில் ஒரு கைம்மருந்து என்ன செய்துவிடும் என்ற எண்ணமே இதற்குக் காரணம். அவ்வெண்ணம் பிழையானதென்பதை அங்கத்தினர்களுக்கு விளக்க விரும்புகிறோம்.

அமெரிக்காவில் கலிபோர்னியாவிலுள்ள கிளியர் ஏரியில், கொசுவை ஒத்த பூச்சிகளை ஒழிப்பதற்காக 1949-ஆம் ஆண்டில் டி.டி.டி. இனத்து மருந்தொன்றைக் கலந்தனர். ஏழு கோடிப் பங்கு நீருக்கு ஒரு பங்குதான். 1954-லும் 1957-லும் மீண்டும் கலந்தனர். பின்னர் அங்கு மீனுண்ணும் நீர்ப்பறவைகள் இறந்து கிடந்தன. அவற்றின் கொழுப்பைச் சோதித்தபோது பத்து லட்சத்துக்கு 1,600 பங்கு மருந்து இருந்தது. இம்மருந்து நீரில் எளிதில் கரையாது; கொழுப்பில் தங்கும். பாசியை உண்ட சிறு மீனிலும், அதனை விழுங்கிய பெரு மீனிலும் படிப்படியாகச் சேர்ந்து பெருகியது.

அப்பறவையின் இடத்தில் மனிதனை வைத்துப் பார்த்தால் நம் நிலை விளங்கும். உண்டவர் உடலிலும் அது கொழுப்பிலேயே சேர்கிறது. தாய்ப்பால் வழியாகக் குழந்தைக்கும் போகிறது. சமைத்தால் போய்விடும் என்பாருமுண்டு. வெப்பத்தால் அது அழிவதில்லை. கொழுப்போடு உருகிக் குழம்பில் இறங்குகிறது. தோலையும் வயிற்றுக் கொழுப்பையும் நீக்கிச் சமைத்தால் ஓரளவு குறையும். இதற்காக மீனுணவையே கைவிட வேண்டுமென்று நாம் கூறவில்லை. ஏழைக்குக் கிட்டும் நல்ல ஊட்டம் அது.

நம் நாட்டில் டி.டி.டி.யைப் பயிருக்கு அடிப்பது 1989-லும், எண்டோசல்பான் 2011-லும் தடை செய்யப்பட்டன. ஆயினும் பழைய மருந்து ஆற்றுச் சேற்றில் நெடுங்காலம் கிடக்கும். இன்று விற்கும் மருந்துகளில் பல அவ்வாறு தங்குவதில்லை. ஆனால் சைபர்மெத்ரின் போன்றவை மிகச் சிறு அளவிலேயே மீனைக் கொன்றுவிடும். காரணம் தெரியாமல் செத்து மிதக்கும் மீனை அள்ளி வந்து சமைப்போரை என்னென்பது!

சாயநீரால் ஆறு கெட்டதென்று நெசவாள அங்கத்தினர்களை உழவர்கள் குறைகூறுவதுண்டு; இவ்விஷயத்தில் உழவரும் அப்பழிக்குப் பங்காளிகளே. காலிப் புட்டியை மும்முறை அலசி, அந்நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றி வயலுக்கு அடித்துவிட வேண்டும். மழைக்குறி தென்படும் நாளில் மருந்து கூடாது. வாய்க்கால் கரையையொட்டிச் சில அடி அகலம் அடிக்காமல் விட வேண்டும். நெல் வயலில் அடித்த பின் சில நாள்வரை மடையைத் திறவாதிருத்தல் வேண்டும்.